மஞ்சள் வயிற்று மீன்கள்

ஆற்று மீன்கள் வைத்தியத்துக்கு வந்து நின்றது வாளைமடை ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஆச்சரியமாகப் படவில்லை. நின்ற வரிசையில் ஒரு தள்ளுமுள்ளு கிடையாது, பின்னால் வந்தது முன்னால் நுழையவில்லை, பக்கத்து மீனின் காலை மிதித்துவிட்டு வேறெங்கோ பார்க்கவில்லை என்பதுதான் அவர்களை வாய்பிளக்க வைத்தது. அந்த ஊர் ரேஷன் கடையில் பாமாயில் போடுகிற அன்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஆச்சரியத்தின் அளவு புரியும். மீனுக்கு ஏது கால் என்று கேட்டால், அதனால்தான் வரிசை ஒழுங்காக இருந்தது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டார்கள்.

அது ஆனி மாதம். தாமிரபரணியில் தண்ணீர் முழங்காலுக்கு மேலே, இடுப்புக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையின் கடைசிப் படியில் அரிவாள்மணையைப் போட்டு, அறுக்க ஒரு மீன்கூட இல்லாமல், பிரம்மசக்தி வெறுமனே உட்கார்ந்திருந்தாள். ஊருக்கு அவள் பிரம்மு. ஐந்து மாதமாக அவள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். அது ஏன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு என்ன குறை என்று நீங்களே கேட்பீர்கள்.

பிரம்முவின் கட்டைவிரல் அந்த வட்டாரத்தில் பேர்போனது. வலைக்காரர்கள் கொண்டுவந்து கொட்டுகிற கெண்டையோ கெளுத்தியோ எதுவானாலும், அடிவயிற்றில் கட்டைவிரலை ஒரு தரம் அழுத்துவாள், “இது நல்லது” என்பாள், அடுத்ததை அழுத்துவாள், “இதுல பூச்சி கெடக்கு” என்று தூரப் போடுவாள். ஆற்று மீனுக்கு வயிற்றில் நாடாப்பூச்சி விழுவது புதிதல்ல. வெள்ளையாக, தட்டையாக, பாவாடை நாடா மாதிரி சுருண்டு கிடக்கும். இருபத்திரண்டு வருசத்தில் அவள் கைக்குத் தப்பி ஒரு பூச்சி ஒருவர் வீட்டுச் சட்டிக்குள் போனதில்லை. அவள் அறுக்கும்போது மீனின் தலையைப் பிடித்துக்கொள்வது மகள் தங்கபுஷ்பம். ஏழு வயதிலிருந்து பிடிக்கிறாள். துள்ளுகிற மீனின் கண்ணை உள்ளங்கையால் மூடி, காதோரம் ஏதோ சொல்லுவாள், அது அப்படியே அடங்கிவிடும். மீனுக்குக் காது எங்கே என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

தை மாதம் புஷ்பத்தைத் எதிரே தென்கரையில் இருக்கிற செங்கழனி ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை நயினார் நல்ல பையன், வைத்ததைச் சாப்பிடுகிற பையன். மறுவீட்டு விருந்துக்கு இரண்டு கூடை கெண்டை வந்து இறங்கியது. ஆனால் அந்த ஆற்றின் இரு கரையிலும் ஒரு முறை உண்டு. சம்பந்தி வீட்டுக்கு விருந்து வைக்கிற அன்று பெண்ணைப் பெற்றவள் அரிவாள்மணையில் உட்காரக்கூடாது, உறவு கூடுகிற நாளில் தாய் கையால் எதையும் வெட்டக்கூடாது என்பார்கள். ஆகவே பிரம்முவின் புருஷன் சொரிமுத்து உட்கார்ந்தான்.

“பாத்து அறுங்க. வவுத்த அழுத்திப் பாக்கணும்,” என்று அவள் மூன்று தரம் சொன்னாள்.

“ஏளா, இருவத்திரெண்டு வருசமா பக்கத்துல நின்னு பாக்கேன். எனக்குத் தெரியாதா?” என்றான் அவன்.

அவன் பார்த்தது மீனின் முகத்தை. முகம் தெளிவாக இருந்தால் வயிறும் தெளிவாக இருக்கும் என்பது அவன் கண்டுபிடிப்பு.

பந்தியில் நயினார் குழம்பு மீனைப் பிட்டான். வெள்ளையாக ஒரு நுனி தெரிந்தது. இழுத்தான், வந்தது. இன்னும் இழுத்தான், இன்னும் வந்தது. “அத்த, இதுல என்னமோ நாடா கெடக்கு,” என்று அவன் மரியாதையாகத்தான் சொன்னான். பக்கத்து இலையில் இருந்த அவன் அம்மா வள்ளிமயில் அதைப் பார்த்தாள், பாதிச் சோற்றில் எழுந்தாள், கைகூடக் கழுவாமல் வாசலுக்கு வந்து நின்று சொன்னாள்: “இனிமே இந்த வீட்ல நாங்க கை நனைக்க மாட்டோம்.”

சொன்னது அவ்வளவுதான். ஆனால் அதற்குள் இன்னொன்று இருந்தது. மாமியார்க்காரி வந்து பெண் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டு, “கூட்டிட்டுப் போங்க” என்று சொன்னால்தான் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துவர முடியும். அவள் கை நனைக்காவிட்டால் புஷ்பம் வர முடியாது. மாசி முடிவதற்குள் புஷ்பத்துக்கு மசக்கை என்று தகவல் வந்தது. பிரம்முவுக்குச் சந்தோஷத்தில் பாதியும் வயிற்றெரிச்சலில் பாதியுமாகத் தூக்கம் போனது.

பூச்சிக் கதை இரு கரையிலும் பரவி, சனங்கள் தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிற கடல் மீனுக்கு மாறிவிட்டார்கள். அதனால்தான் அவள் அரிவாள்மணை வெறுமனே கிடந்தது. ஆனாலும் அவள் தினமும் காலையில் படித்துறைக்கு வந்துவிடுவாள், ஏனென்றால் அதே நேரத்துக்கு எதிர்க்கரைப் படித்துறைக்குப் புஷ்பமும் வருவாள். ஆற்றைத் தாண்டி வரக்கூடாது என்பது மாமியார் பேச்சு, பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று இவள் வாய்க்கு நேரே கையைக் குவிப்பாள். வாந்தி நின்றுவிட்டது என்று அவள் நெஞ்சைத் தடவிக் காட்டுவாள். இத்தனை மாதம் என்று விரல்களை விரித்துக் காட்டும்போது மட்டும் இரண்டு பேருக்கும் கண் கலங்கும்.

அப்படி ஐந்து விரல் காட்டிய ஒரு காலையில்தான் முதல் மீன் வந்தது.

கையகலக் கெண்டை. வயிறு பானை போல வீங்கியிருந்தது. நேராக பிரம்முவின் கால்களுக்கு நடுவே வந்து, ஒருக்களித்துப் படுத்து, அவளையே பார்த்தது.

“போ, ஒன்னயெல்லாம் வாங்க இங்க ஆளில்ல,” என்று அவள் தண்ணீரைத் தட்டினாள்.

அது போகவில்லை. பழக்க தோஷம், அவள் கட்டைவிரல் தானாகவே அதன் அடிவயிற்றுக்குப் போனது, அழுத்தியது, கீழ்ப்பக்கம் ஒரு வெள்ளை நுனி எட்டிப் பார்த்தது. பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி அந்த நுனியைச் சுற்றினாள், அவசரப்படாமல், அறாமல், ஆசாரி நூல் சுற்றுகிற மாதிரி சுற்றச் சுற்ற, நாடா முழுசாக வெளியே வந்தது. மீன் வாயைத் திறந்து மூடியது. கவிச்சி போகக் கையில் பூச வைத்திருந்த மஞ்சளில் கொஞ்சம் எடுத்து அதன் வயிற்றில் தடவிவிட்டாள். அது அவள் காலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

மறுநாள் ஏழு வந்தன, ஒன்றன் பின் ஒன்றாக. ஒரு வாரத்தில் வரிசை படித்துறையிலிருந்து மருதமரம் வரை நீண்டது. ஆடி பிறக்கும்போது வளைவைத் தாண்டிப் போய், கடைசி மீன் எந்த ஊர் எல்லையில் நிற்கிறது என்று பார்க்கச் சைக்கிளில்தான் போக வேண்டியிருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? பஞ்சாயத்துத் தலைவர் வந்து பார்த்து, வைத்தியம் பார்க்கிற பொம்பளை தலை காயக்கூடாது என்று ஓலைப்பந்தல் போட்டுக் கொடுத்தார். பூசாரி மஞ்சள் கொண்டுவந்தார். வீட்டுக்கு ஒரு விளக்குமாறு என்று முறை வைத்து ஈர்க்கு வந்தது, அந்த வருசம் வாளைமடையில் பெருக்குவதற்கு விளக்குமாறு இல்லாமல் எல்லா வாசலிலும் குப்பை கிடந்தது, யாரும் வருத்தப்படவில்லை. டோக்கன் கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார், மீன் அதை எங்கே செருகி வைக்கும் என்று இன்னொருவர் கேட்டார், அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அடுத்தது பெரிய கேள்வி. வலையில் மஞ்சள் வயிற்று மீன் விழுந்தால் என்ன செய்வது? நம்பி வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு போனதைப் பிடித்துக் குழம்பு வைப்பது எப்படி? மருதமரத்தடியில் கூடி ஒரு பொழுதெல்லாம் பேசினார்கள். கடைசியில், மஞ்சள் பூசினது எதுவானாலும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும், விடும்போது “வவுறு சரியாயிட்டா?” என்று ஒரு வார்த்தை விசாரிக்கவும் வேண்டும் என்று முடிவானது. கொஞ்ச நாளில் ஆற்றில் மஞ்சள் பூசாத மீனே இல்லை என்றாகி, வலைக்காரர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு கிழக்கே குளத்துக்குப் போனார்கள். போகும்போது திட்டிக்கொண்டே போனார்கள், வரும்போது இன்னைக்கு எத்தனை பார்த்தாய் என்று பிரம்முவிடம் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

மீன்வளத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி ஜீப்பில் வந்தாள். கொக்கும் நீர்க்காகமும் பூச்சி விழுந்த மீனைத் தின்கின்றன, அவற்றின் எச்சத்தோடு பூச்சி முட்டை தண்ணீரில் விழுகிறது, முட்டையிலிருந்து வந்ததைக் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப்பூச்சி தின்கிறது, தண்ணீர்ப்பூச்சியை மீன் தின்கிறது, இப்படித்தான் இது சுற்றிச் சுற்றி வருகிறது என்று சாக்பீஸால் படியில் படம் போட்டு விளக்கினாள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டு, அவளுக்கு ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். எடுத்த பூச்சியைப் பறவைகளுக்குப் போடாமல் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள் என்றாள், அதுமுதல் வாழைத்தோப்பில் புதைத்தார்கள், அந்தத் தோப்பில் தள்ளிய தார்களை இரண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. அவள் கொண்டுவந்த படிவத்தில் ‘கால்நடையைக் கொண்டுவந்தவர் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, ‘தானே வந்தது’ என்று எழுதிக்கொண்டு போனாள்.

கொக்குகளுக்குத்தான் கோபம். வயிறு வீங்கி மேலே மிதந்து வசமாக மாட்டுகிற மீன் ஒன்றுகூட இல்லாமல், பந்தல் மேல் வரிசையாக உட்கார்ந்து பிரம்முவை முறைத்துக்கொண்டிருந்தன.

சொரிமுத்துவோ டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். “அன்னைக்கு நான் மட்டும் சரியா அறுத்திருந்தேன்னு வையுங்க, இது எல்லாம் நடந்திருக்குமா வே?” என்று கேட்டான்.

இவ்வளவு நடந்தும் தென்கரையில் வள்ளிமயில் அசையவில்லை. பிரம்மு ஆள் விட்டுக் கேட்டாள். “ஆத்து மீனுக்கெல்லாம் வைத்தியம் பாக்கட்டும், நல்லதுதான். எம் மவன் தட்டுல வந்த பூச்சி வந்ததுதான,” என்று பதில் வந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், வரிசையில் நிற்கிற தூரத்து மீன்களைத் தவிர ஆற்றில் இப்போது ஒரு மீனுக்கும் பூச்சி இல்லை, சம்பந்திக்குத் துணிந்து விருந்து வைக்கலாம், ஆனால் வைப்பதற்கு மீன் இல்லை. குளத்து மீனை யாராவது கொண்டுவந்தால்கூட பிரம்முவின் கை அரிவாள்மணைக்குப் போக மறுத்தது. வயிற்றைத் தொட்டால் வைத்தியம் பார்க்கத்தான் வந்தது. ஆவணி பிறந்து புஷ்பம் ஏழு விரல் காட்டிய காலையில் அவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“ஊருபட்ட மீனுக்கு வவுறு பாக்கேன், எம் புள்ளைக்குப் பாக்க எனக்குக் கொடுத்துவைக்கலியே,” என்றாள். வரிசையில் நின்ற மீன்கள் அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தன.

ஆவணி கடைசி வாரம் ஒரு நாள் காலை, வரிசை இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. மடைக்குக் கீழே ஆள் முங்குகிற ஆழத்தில் இருக்கிற கசத்திலிருந்து வாளை வந்தது. ஊருக்கே பேர் கொடுத்த வாளை. எல்லோரும் பிள்ளைகளைப் பயங்காட்டப் பயன்படுத்தி, யாரும் கண்ணால் காணாத வாளை. இரண்டு ஆள் நீளம், மீசை மட்டும் ஒரு கை நீளம், வயிறு நெல் மூட்டையை விழுங்கினது போல. வந்து ஒருக்களித்துப் படுத்தபோது படித்துறையில் மூன்று படிக்குத் தண்ணீர் ஏறியது.

“வா, எம்புட்டு நாளா இதச் சுமக்க?” என்று பிரம்மு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள்.

ஒரு கட்டைவிரல் போதவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். வெளியே வந்த நுனி முந்தானை அகலம் இருந்தது. ஈர்க்கு முறிந்தது. அகப்பைக் காம்பு முறிந்தது. உலக்கை கொண்டுவந்தார்கள், அதில் முக்கால்வாசி சுற்றியும் நாடா வந்துகொண்டே இருந்தது. வலி தாங்காமல் வாளை வாலை ஒரு வீசு வீச, தலையைப் பிடித்திருந்த சொரிமுத்து பந்தலைத் தாண்டிப் போய் விழுந்தான்.

“பாதியில அறுந்தா மீனு செத்துரும்! யாராவது தலையப் பிடிங்களேன்!” என்று பிரம்மு கத்தினாள். பிடிக்கத் தெரிந்தவள் யார் என்று அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

எதிர்க்கரையில் புஷ்பம் குடத்தைப் படியில் வைத்தாள். ஏழு மாத வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கினாள்.

“எட்டி! வவுத்துப்பிள்ளக்காரி! ஏறு மேல!” என்று பின்னால் வள்ளிமயிலின் குரல் வந்தது. புஷ்பம் திரும்பவில்லை. மருமகள் வழுக்கி விழுந்துவிடுவாளோ என்ற பதற்றத்தில் வள்ளிமயிலும் செருப்போடு தண்ணீரில் இறங்கினாள், திட்டிக்கொண்டே வந்தாள், நடு ஆற்றில் மருமகளின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தாள், திருப்பிக் கூட்டிக்கொண்டு போகத்தான் பிடித்தாள், ஆனால் அதற்குள் அக்கரை இக்கரையாகிவிட்டது.

புஷ்பம் வாளையின் இரண்டு கண்களையும் உள்ளங்கைகளால் மூடினாள். காதோரம் ஏதோ சொன்னாள். அவ்வளவு பெரிய உடம்பு, தொட்டில் பிள்ளை மாதிரி அடங்கியது.

உலக்கை நிறைந்துவிட்டது. சுற்ற இடமில்லாத நாடா தண்ணீரில் நெளிந்து வள்ளிமயிலின் முழங்காலில் உரசியது.

“மதினி, பிடிங்க!” என்றாள் பிரம்மு. ஏழு மாதத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

நாடா அகலப் பூச்சிக்காக இலையிலிருந்து எழுந்தவள், முந்தானை அகலப் பூச்சியைப் பார்த்தாள். தலையைப் பிடித்திருக்கிற மருமகளைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்தாள்.

அப்புறம் வடகரைக்காரர்கள் பிடித்தார்கள். தென்கரைக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்து பிடித்தார்கள். தேர்வடம் மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, அறாமல், அவசரப்படாமல், பிரம்மு அழுத்தும்போது ஒரு எட்டு, விடும்போது ஒரு மூச்சு என்று, படியேறி, மருதமரத்தைச் சுற்றி, கோயிலைச் சுற்றி, பள்ளிக்கூடத்து வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போனார்கள், வாத்தியார் மணியடித்துவிட்டுப் பிள்ளைகளோடு வந்து சேர்ந்துகொண்டார், முன்னால் போனவர்கள் வாழைத்தோப்பை எட்டியபோது ஆற்றில் “வந்துட்டு! வந்துட்டு!” என்று பிரம்மு கூவினாள். வால்நுனி வெளியே வந்துவிட்டது.

வாளை ஒரு பெருமூச்சு விட்டது. “மஞ்ச எங்க? மஞ்சளக் கொண்டாங்க!” என்று எல்லோரையும் அதட்டினது வள்ளிமயில்தான். இரண்டு கரை வீடுகளிலிருந்தும் வந்த மஞ்சளைக் குழைத்து, அவளே குனிந்து அந்தப் பெரிய வயிற்றில் பூசிவிட்டாள். வாளை, பிரம்மு, புஷ்பம், வள்ளிமயில், எழுந்து வந்த சொரிமுத்து என்று நான்கு பேரையும் ஒரு சுற்றுச் சுற்றியது, சொரிமுத்துவை மட்டும் மீசையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கசத்துக்குப் போனது.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் பசி. நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டு வள்ளிமயில் சுற்றிலும் பார்த்தாள்.

“மதினி, பசிக்கி,” என்றாள்.

பிரம்மு ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். “எங்க வீட்ல இன்னைக்கு மீனில்லயே மதினி. என்னத்தப் போடுவேன்?”

“மீனா? அதெல்லாம் நாம வவுறு தடவின புள்ளைங்க. இருக்கதப் போடுங்க.”

இருந்தது கொல்லைக் கத்தரிக்காய். மீன்குழம்பு வைக்கிற அதே புளியும் பூண்டும் அதே மண்சட்டியும் எடுத்து வைத்தாள் பிரம்மு. அரிவாள்மணையை இழுத்தவள் கையைப் பின்வாங்கிக்கொண்டாள். சம்பந்தி விருந்து. முறை முறைதானே. தலையில் பந்தல் ஓலை ஒட்டிக்கொண்டிருந்த சொரிமுத்து வந்து உட்கார்ந்தான்.

“பாத்து அறுங்க,” என்றாள்.

“ஏளா, கத்திரிக்காதான, எனக்குத் தெரியாதா?” என்றான்.

இலை போட்டார்கள். வள்ளிமயிலுக்குப் பக்கத்தில் புஷ்பம், அந்தப் பக்கம் தகவல் கேட்டு ஓடிவந்த நயினார். வாசலில் பாதி ஊர் நின்றது. பிரம்மு தன் கையால் சோறு வைத்து, குழம்பு ஊற்றி, நான்கு கத்தரிக்காயை எடுத்து வைத்தாள். வள்ளிமயில் சோற்றில் கை வைத்தாள். பிசைந்தாள். ஒரு வாய் உண்டாள். வாசலில் நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். இரண்டாவது வாய்க்கு ஒரு கத்தரிக்காயைப் பிட்டாள்.

அதற்குள்ளே, வெள்ளையாக, வெந்து, சுருண்டு, ஒரு புழு கிடந்தது.

பிரம்மு பார்த்துவிட்டாள். தை மாதத்து வாசல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வாசலில் நின்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. வள்ளிமயில் அதைப் பார்த்தாள், தலையை நிமிர்த்திப் பிரம்முவைப் பார்த்தாள், மறுபடி இலையைப் பார்த்தாள். பிறகு சுண்டுவிரலால் அந்தப் புழுவை இலையோரத்துக்குத் தள்ளி, குழம்பில் கிடந்த ஒரு கறிவேப்பிலையை எடுத்து அதன்மேல் மூடினாள்.

“மதினி, குழம்பு நல்லாருக்கு. இன்னும் ரெண்டு கத்திரிக்கா வைங்க,” என்றாள். “சாப்டுட்டு எம் மருமவளக் கூட்டிக்கிடுங்க.”